அவருக்குப் பதில் அவரே

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது, காது மெஷினுக்குப் புது பேட்டரி போட்டாயா, அத்தான் இன்னும் சர்க்கரை டப்பாவைத் திருட்டுத்தனமாகத் திறக்கிறாரா? மூன்றுக்கும் வரிசை மாறாமல் பதில் எழுது. இங்கே உன் தம்பி மனைவி மருந்துக்கடையில் நின்று நின்று கால் வீங்கி வருகிறாள். நான் வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை வீங்கி வருகிறேன். நல்ல ஜோடி.

பள்ளி திறந்துவிட்டது. 'சாக்பீஸ்' தலைமையாசிரியர் நாற்காலியில் இரண்டாம் வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். உனக்கு நினைவிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "சார், ஒரு துண்டு சாக்பீஸ் இருக்குமா?" என்று தினமும் என் மேசை முன்னால் வந்து நிற்பாளே, அவளேதான். இரண்டு முதுகலைப் பட்டம் வைத்திருக்கும் நான் இன்னும் கணக்கு வாத்தியார். நேர்காணலில் அவள் சிரித்த முகமாகப் பதில் சொன்னாளாம். நான் அவர்கள் கேட்ட கேள்வியிலேயே இருந்த பிழையைத் திருத்தினேனாம். திருத்தாமல் என்ன செய்வது?

மாற்றுப் பட்டியலும் வழக்கம்போல் என் தலையில்தான். காலையில் முதல் மணிக்கு முன்னால், யார் யார் வரவில்லை என்று பார்த்து, அவர்கள் வகுப்புக்கு எந்தப் பாடவேளையில் யார் போக வேண்டும் என்று எழுதிப் பலகையில் குத்த வேண்டும். வரலாற்று ஆசிரியர் 'தும்மல்' இருக்கிறார். அவருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. இந்த ஊரில் தூசி திங்கட்கிழமைகளில் மட்டும் பறக்கிறது. அவர் வகுப்புக்கு இன்னொருவரை அனுப்பினால், அந்த இன்னொருவர் தன் ஓய்வு நேரம் போயிற்றே என்று என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, சொத்தையே எழுதி வாங்கிக்கொண்டது போல இருக்கும். "ஏன் சார், எப்பவும் உங்க கண்ணுக்கு நான் ஒருத்தன்தான் தெரியறேனா?" வம்பே வேண்டாம் என்று முக்கால்வாசி நாள் என் பெயரையே போட்டுவிடுகிறேன். அப்போது யாரும் முறைப்பதில்லை. நன்றி சொல்வதும் இல்லை, அது வேறு. இப்படி ஒருவன் வாயைத் திறக்காமல் இழுத்துக்கொண்டு போகாவிட்டால் இந்தப் பள்ளி ஒரு வாரம் தாங்காது.

அத்தானிடம் சொல்: கடிதச் சதுரங்கத்தில் என் குதிரை அவருடைய யானைக்கு முன்னால் நின்ற சிப்பாயைத் தின்றுவிட்டது. இருப்பது ஒரே குதிரைதான் என்றாலும் பசி அதிகம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூலை 21

என் தம்பிக்கு,

வரிசைப்படி பதில்: முழங்கால் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது. பேட்டரி போட்டாயிற்று. டப்பாவை இடம் மாற்றி வைத்தேன், உன் அத்தான் புது இடத்தையும் கண்டுபிடித்துவிட்டார்.

"போன்ல பேசிக்கலாமே, ஏன் இன்னும் கடிதம்?" என்று பஸ் டிப்போவில் கேட்கிறார்கள். உன்னோடு போனில் பேசுவதும் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக் கேட்பதும் எனக்கு ஒன்றுதான். காகிதத்தில்தான் நீ எனக்குச் சத்தமாகக் கேட்கிறாய். போன கடிதம் முழுக்கக் கத்தியிருக்கிறாய், நன்றாகவே கேட்டது.

டிப்போவில் நான் பார்த்துக்கொள்ளும் தொலைந்த பொருள் அறையில் புதிதாகச் சேர்ந்தவை: குடைகள், ஒரு பல்செட், ஒற்றைச் செருப்பு ஒன்று. செருப்புக்காரன் மறுநாளே வந்துவிட்டான். "ஒத்தைச் செருப்போடயா பஸ்ஸைவிட்டு எறங்கிப் போனே?" என்றேன். "வீட்டுக்குப் போனப்புறம்தான் மேடம் பார்த்தேன்" என்கிறான். பஸ்ஸில் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டு இறங்குவார்கள். நீதான் சின்ன வயதிலிருந்தே ஒரு ரப்பர்கூடத் தொலைத்ததில்லை.

ஒன்று கேட்கிறேன். முக்கால்வாசி நாள் உன் பெயரையே போட்டுக்கொள்கிறாய் என்றால் நீ எப்போது உட்காருகிறாய்? அரையாண்டு விடுமுறைக்கு இங்கே வா. என் மகள் வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து அவள் அறை சும்மாதான் கிடக்கிறது. இரண்டு பேரும் வாருங்கள்.

உன் குதிரையை அத்தான் வெட்டிவிட்டார். காய் டப்பாவில் போட்டு மூடும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பரிசு வாங்கின பிள்ளை மாதிரி. உனக்கு இனிக் குதிரை இல்லை, ஜாக்கிரதை.

தொண்டைக்கு வெந்நீர் குடி.

அக்கா


ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? பதில் எழுதத் தாமதம். எழுத உட்கார்ந்தால் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்துவிடுகிறேன்.

விடுமுறைக்கு வருவது நடக்காது. விடைத்தாள் திருத்த வேண்டும். அடுத்த பருவத்துக்குக் கால அட்டவணை போட வேண்டும். நான் இல்லாவிட்டால் யார் போடுவார்கள்? சாக்பீஸுக்கு நான் சொல்லிக்கொடுத்ததே பாதிதான், அதிலும் பாதியை மறந்திருப்பாள்.

போன வாரம் ஒரு பையன் நான் கரும்பலகையில் போட்டதைவிடச் சுருக்கமான வழியில் ஒரு கணக்கை முடித்துவிட்டு எழுந்து நின்றான். முன்பெல்லாம் இப்படி ஒருவன் நின்றால் அன்றைக்கு முழுக்க எனக்கு வேறெதுவும் வேண்டாம், உனக்கே தெரியும். "சரி, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

அத்தானுக்கு: குதிரையை ராணிக்கு முன்னால் வைக்கிறேன்.

தம்பி

அண்ணி, கவரை ஒட்டிப் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், அதனால் இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். "உள்ள வாங்க" என்றால் "வர்றேன்" என்கிறார். வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "சாருக்கு வண்டி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டால் சொல்வார். நான் கேட்டால் "ஒண்ணுமில்லை" என்கிறார்.


செப்டம்பர் 3

தம்பி,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அந்தக் கேள்வியை இன்றைக்கு உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். "குதிரையா?" என்றார். காய் டப்பாவைத் திறந்து பார்த்தார். இரண்டும் உள்ளேதான் படுத்திருக்கின்றன. "வெளையாடறான் போல" என்று சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார். இத்தனை வருஷத்தில் நீ ஆட்டத்தில் ஒரு காயைத் தவறவிட்டதில்லை. அவர் ஏமாற்றினால் இரண்டு கடிதம் கழித்துப் பிடிப்பவன் நீ.

குதிரையைவிட அந்தப் பையன்தான் என்னை உறுத்துகிறான். உன்னைவிடக் குறுக்குவழி கண்டுபிடித்தவனுக்கு நீ "சரி, உட்கார்" என்றா சொன்னாய்? நீயா?

தூங்குகிறாயா? சாப்பாடு இறங்குகிறதா? வண்டி நன்றாக ஓடுகிறதா? கோபப்படாமல் பதில் எழுது. கோபப்பட்டாவது எழுது.

அக்கா


அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நலம். அனைவரும் நலமென நம்புகிறேன். பள்ளி வேலைகள் வழக்கம்போல் நடைபெறுகின்றன. வண்டி நன்றாக ஓடுகிறது. விவரம் பின்னர்.

தம்பி


அக்டோபர் 9

தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கணக்கு ஆசிரியரின் அக்கா நான். உங்களுக்கு எழுதினேன் என்று தெரிந்தால் என் தம்பி என்னோடு பேசமாட்டான். இருந்தாலும் எழுதுகிறேன். எனக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் போன் செய்ய முடியவில்லை.

நேற்று அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. என்னைத் 'தங்கள்' என்று எழுதியிருக்கிறான். எங்கள் அப்பா இறந்த செய்தியை எழுதியபோதுகூட அவன் என்னை 'நீ' என்றுதான் எழுதினான். அதில் ஒரு குறை இல்லை, ஒரு கிண்டல் இல்லை, யாரையும் திட்டவில்லை. உங்களைக்கூடத் திட்டவில்லை, மன்னியுங்கள். என் தம்பி யாரையும் திட்டாமல் ஒரு கடிதம் எழுதினால் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

அவன் என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டான். நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அவன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் எழுதுவீர்களா?

உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் என் அன்பு.


அக்டோபர் 18

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சார் என்னைத் திட்டுவார் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. என் பட்டப்பெயரும் தெரியும். அவரிடம் வாங்கிய சாக்பீஸ்களில்தான் நான் வாத்தியாரானேன், அதனால் அந்தப் பெயரில் எனக்கு வருத்தமில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை பலகையில் மாற்றுப் பட்டியலைச் சுற்றிக் கூட்டமாக இருந்தது, ஒரே சிரிப்பு. போய்ப் பார்த்தேன். 'வராதவர்' என்ற இடத்தில் சார் தன் பெயரை எழுதியிருந்தார். அதற்கு நேராக, 'பதிலுக்குச் செல்பவர்' என்ற இடத்திலும் தன் பெயரையே எழுதியிருந்தார். முதல் பாடவேளையிலிருந்து கடைசி வரைக்கும், அவருடைய அழகான கையெழுத்தில், அவருக்குப் பதில் அவரே.

வேடிக்கைக்குச் செய்திருப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, "என்ன சார், இன்னிக்கு நீங்க லீவா, வந்திருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் கிட்டே வந்து பட்டியலை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தெரியலம்மா" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. 'தும்மல்' சார்தான் முதலில் போய் அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

பட்டியலை அவரிடமிருந்து முன்பே வாங்கியிருக்க வேண்டும். நான் பொறுப்புக்கு வந்த புதிதில் ஒருமுறை வேறொருவருக்குக் கொடுத்துப் பார்த்தேன். சார் ஒரு பருவம் முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. அதைப் பிடுங்கினால் அவரை அவமதித்ததாகிவிடும் என்று பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் பெயரையே அவர் போட்டுக்கொள்வது எங்கள் எல்லாருக்கும் தெரியும். சௌகரியமாக இருந்தது, விட்டுவிட்டோம். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மருத்துவரிடம் அழைத்துப் போனோம். நீண்ட ஓய்வு வேண்டும் என்கிறார். விடுப்புக்கு நான் அனுமதி தயாராக வைத்திருக்கிறேன், சார் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். "பட்டியலை யார் போடுவா?" என்று கேட்கிறார். "நான் போடறேன் சார்" என்றால், "நீ போட்டா ஒரே கிளாசுக்கு ரெண்டு பேர் போய் நிப்பாங்க" என்கிறார். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. காட்டப் போகிறேன். கோபம் உங்கள் மேல்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன், தலைமையாசிரியர் (சாக்பீஸ்)


அக்டோபர் 29

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

சுகமாக இருப்பாய். ஊரெல்லாம் கடிதம் எழுதித் தம்பியின் மானத்தை வாங்கிய பிறகு சுகத்துக்கு என்ன குறைச்சல்?

உலகத்தில் எழுதுவதற்கு உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? காவல் நிலையத்துக்கு எழுதியிருக்கலாம். பத்திரிகைக்கு எழுதியிருக்கலாம். போயும் போயும் அவளுக்கா? "உங்களைக்கூடத் திட்டவில்லை" என்று நீ எழுதியதை என் முன்னாலேயே வாசித்துவிட்டு, "இது உண்மையா சார்?" என்று கேட்டாள். நாற்பதாண்டுக் கடிதத் தொடர்பில் நான் அடைந்த ஒரே பெருமை, என் வசைகள் உன்னைத் தாண்டிப் போகாது என்பதுதான். அதுவும் போயிற்று.

மருத்துவர் என்று ஒரு பையன். என் மாணவனாக இருந்திருந்தால் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பான். "கடைசியா எப்ப சார் நல்லாத் தூங்கினீங்க?" என்கிறான். எந்த வருஷம் என்று சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். "இதுக்குப் பேரு பர்ன் அவுட் சார்" என்றான். ஃபியூஸ் போவதற்கு நான் என்ன பல்பா என்றேன். அவன் சிரிக்கவில்லை. "பல்பா இருந்தா மாத்திட்டுப் போயிடலாம். நீங்க இல்லையே சார்" என்றான். திமிர் பிடித்தவன்.

காலையில் எழுந்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். எல்லாருக்கும் அப்படி நடக்கும். வகுப்பில் பிள்ளைகள் வாயசைப்பது தெரிகிறது, என்ன கேட்கிறார்கள் என்று மனதில் ஏறுவதில்லை. வயசானால் அப்படித்தான். அதற்கெல்லாமா ஒரு பெயர் வைப்பார்கள்?

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்காகவோ அந்தப் பையனுக்காகவோ அல்ல. 'தும்மல்' என் மேசையில் வந்து உட்கார்ந்து, "நீங்க போடற வரைக்கும் நானும் வீட்டுக்குப் போகமாட்டேன்" என்று தும்மிக்கொண்டே இருந்தார். சகிக்க முடியவில்லை.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். நானும் எழுதப்போவதில்லை.

(அத்தானுக்குச் சளி என்று உன் தம்பி மனைவிக்கு எழுதினாயாமே, குறைந்ததா?)


நவம்பர் 5

என் கோபக்காரத் தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அவளுக்கு எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். அந்த ஒரு வரியை எழுதியதற்கு வேண்டுமானால் கேட்கிறேன். நீ என்னை இரண்டு பக்கம் திட்டியிருக்கிறாய், நான் மூன்று தடவை படித்தேன். டிப்போவில் சூப்பர்வைசர், "என்ன மேடம், நல்ல செய்தியா?" என்றார். "ஆமா, என் தம்பி என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கான்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அத்தானின் சளி குறைந்துவிட்டது. டப்பாவிலிருந்து உன் குதிரையை எடுத்து, நீ சொன்ன இடத்திலேயே, ராணிக்கு முன்னால், வைத்திருக்கிறார். "ஆட்டப்படி தப்புதானே?" என்றேன். "தப்புதான். அவனுக்கு இப்ப வேணும்னா வெச்சுக்கட்டும்" என்றார். உனக்காகக் காத்திருக்கிறது. தூசி துடைக்கும்போதுகூட அதை நகர்த்தாமல் துடைக்கிறேன்.

நீ எழுதும்வரை நான் எழுதமாட்டேன். அறை அப்படியே இருக்கிறது.

அக்கா


ஜனவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? இரண்டு மாதத்துக்கும் மேலாக மௌனம் சாதித்தவன் இதைக் கேட்கிறேன். கோபம் போன மாதமே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுதாததற்குக் காரணம் வெறும் கௌரவம்தான்.

விடுப்பு என்றால் ஓய்வு என்று நினைத்திருந்தேன். முதலில் தூங்கினேன். சாப்பிட எழுந்து, தட்டின் முன்னாலேயே கண் சொருகி, மறுபடி தூங்கினேன். தூங்கி எழுந்தால் தெம்பு வர வேண்டும் அல்லவா? ஆத்திரம்தான் வந்தது. தலைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது பாடவேளை முடிந்தது, மூன்றாவது தொடங்கியது, ஏழாம் வகுப்பில் இப்போது யார், யாரை யார் முறைக்கிறார்கள், இதே ஓட்டம். ஒருநாள் தாங்க முடியாமல், அலமாரிச் சாவியை விட்டுவிட்டேன் என்று சாக்குச் சொல்லிப் பள்ளி வாசல்வரை போய்விட்டேன். பட்டியலை ஒரு பார்வை பார்த்தால் போதும் என்று இருந்தது. காவலாளி மறித்துக்கொண்டு, "சார், மேடம் உங்களை உள்ளே விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. டீ வேணா வாங்கித் தரேன்" என்றார். என் பள்ளிக்கூட வாசலில் நின்று காவலாளி காசில் டீ குடித்தேன் அக்கா. நல்ல டீ.

அப்போது உள்ளே மணி அடித்தது. நிஜ மணி. பிள்ளைகள் ஓடினார்கள், கதவுகள் சாத்தின, பிறகு அமைதி. எல்லா வகுப்பிலும் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் இல்லை. நான் இல்லாவிட்டால் ஒரு வாரம் தாங்காது என்று உனக்கு எழுதினேனே, அதை நம்பித்தான் இத்தனை வருஷம் எழுந்து போயிருக்கிறேன் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து அழுதேன். உன் தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே காரணம்னு வெச்சுக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு உடனே சரியாகிவிட்டதாக நினைக்காதே. இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பல் துலக்கக்கூட யாரோ கட்டாயப்படுத்த வேண்டும். அந்த மருத்துவப் பையனிடம் போய்க்கொண்டிருக்கிறேன். அவன் அவ்வளவு மோசமில்லை. சாயங்காலம் இவளைக் கடையிலிருந்து கூட்டிவர நடந்து போகிறேன். வண்டியை அதிகம் எடுப்பதில்லை. அதன் மேல் உட்கார்ந்துகொண்டு நான் என்ன யோசித்தேன் என்று இப்போது இவள் கேட்கிறாள். யோசிக்கவே இல்லை. இறங்கினால் வீட்டுக்குள் போக வேண்டும். போனால் ஒருவர் என்னிடம் பேசுவார், நான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவ்வளவுதான்.

போன வாரம் சும்மா ஒரு வடிவியல் கணக்கைப் போட்டேன். யாருக்கும் சொல்லித்தர அல்ல, திருத்தவும் அல்ல. போட்டு முடித்தபோது அந்தப் பையன் ஞாபகம் வந்தது, "சரி, உட்கார்" என்றேனே, அவன்.

அறை இன்னும் சும்மாதான் கிடக்கிறதா? இவளுக்கு விடுமுறை கிடைக்காது. நான் மட்டும் வரலாமா?

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் மனைவி எழுதியிருந்தாள். நீ இருந்த அறைக்குள் அத்தான் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "காத்து வரட்டும்னு பார்த்தேன்" என்கிறார்.

நீ வந்த அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்ததும் நிறையக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. பிறகு காது மெஷினைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டேன். நீ அதைப் பார்த்தாய். இனி யாரோடும் பேச வேண்டியதில்லை என்று தெரிந்ததும் உன் தோள் இறங்கியதே, அதை நான் பார்த்தேன். இந்தச் செவிட்டுக் காது எனக்கு உபகாரம் செய்த நாள் அது ஒன்றுதான்.

டிப்போவில் எல்லாரும் உன்னை விசாரிக்கிறார்கள். "உங்க தம்பி எங்க மேடம், அந்தக் குடை மூட்டை மேல படுத்துத் தூங்குவாரே?" என்று கேட்கிறார்கள். அன்றைக்கு ஒரு அம்மாள் வந்து, தான் தொலைத்தது எது என்றே சொல்லத் தெரியாமல், "என்னமோ ஒண்ணு கையில இருந்துச்சு, இப்ப இல்லை" என்று நின்றாளே? நீ அவளுக்கு நாற்காலி போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். கடைசியில் அது அவள் கழுத்திலேயே கிடந்த மூக்குக்கண்ணாடி. நீ சிரித்த சிரிப்பு மெஷின் இல்லாமலே எனக்குக் கேட்டது.

இப்போது அதிகாரப்பூர்வமான விஷயம். நீ ஏறிப்போன பஸ்ஸிலிருந்து எங்கள் அறைக்கு ஒரு குடை வந்திருக்கிறது. கறுப்பு, மரக் கைப்பிடி, உள்பக்கம் உன் கையெழுத்தில் உன் பெயர். ஒரு ரப்பர்கூடத் தொலைக்காத என் தம்பி கையை வீசிக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறான்! சூப்பர்வைசர் தபாலில் அனுப்பலாம் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். தொலைத்தவர் நேரில் வந்து அடையாளம் சொல்லித்தான் வாங்க வேண்டும். விதி விதிதான்.

முழங்கால் பரவாயில்லை. நீ நலமாக இரு.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால், பேட்டரி, சர்க்கரை டப்பா. வழக்கம்போல் வரிசையாக.

நான் வேலைக்குத் திரும்பிய கதையைப் போன கடிதங்களில் விட்டு விட்டுச் சொன்னேன். பட்டியல் இப்போது என்னிடம் இல்லை. வாரத்துக்கு ஒருவர் போடுகிறார்கள். இந்த வருஷம் முழுக்க என் முறை வராது என்று சாக்பீஸ் எழுதியே கொடுத்துவிட்டாள். 'தும்மல்' தன்னுடைய வாரத்தில், சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, திங்கட்கிழமை வந்தார். மற்றவர்கள் தன்னை முறைத்த முறைப்பைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "சார், இத்தனை வருஷம் இதையா வாங்கிக்கிட்டு இருந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "பைத்தியமா சார் உங்களுக்கு?" என்றார். கிட்டத்தட்ட என்றேன்.

ஒருநாள் சாக்பீஸ் போட்ட பட்டியலில் ஒரே வகுப்புக்கு இரண்டு பேர் போய் நின்றார்கள். நான்தான் அப்போதே சொன்னேனே. பலகையில் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பேனா பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. அந்த இரண்டு பேரும் சேர்ந்து பாடம் நடத்திப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார்களாம். அவளை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. தலைமையாசிரியர் நாற்காலி என்னுடையது. ஆனால் ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கி அவள் மேசையில் வைத்தேன்.

அந்தப் பையன் இந்த வருஷமும் என் வகுப்பில்தான். அவனுடைய குறுக்குவழியை அவனையே கரும்பலகையில் போடச் சொன்னேன். பாதியில் மாட்டிக்கொண்டான். உதவச் சொல்லி என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். கடைசியில் முடித்துவிட்டான், பிறகு அன்றைக்கு முழுக்க எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அத்தானிடம் சொல்: குதிரையை எடுத்து டப்பாவில் போட்டுவிடட்டும். அது இல்லாமலே ஆடுகிறேன். தோற்றாலும் பரவாயில்லை, ஆனால் தோற்கமாட்டேன். இத்தனை மாதம் அதை நகர்த்தாமல் வைத்திருந்தாரே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாததால் என் யானை அவருடைய மந்திரியைத் தின்னப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

குடையை வைத்திரு. விடுமுறைக்கு இரண்டு பேரும் வருகிறோம். அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்கிறேன்.

இன்று பள்ளி வேலை நாள்தான். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. நேற்று விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். சொந்த வேலை எதுவும் இல்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து, இவள் வைத்துவிட்டுப் போன காபியைச் சூடு பண்ணிக் குடித்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். தலைக்குள் மணி அடிக்கவில்லை, தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் மூன்றாவது பாடவேளை நடந்துகொண்டிருப்பது தெரிந்தது. எட்டாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு. என் வகுப்பு.

இப்போது அங்கே எனக்குப் பதில் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

உன் தம்பி